கோர்ட் வாசலில் அம்மா

இன்று காலை சேலைக்கு அயன் பிடித்தபோது எழுந்த ஆவியின் மணம் என்னைத் தொண்ணூறுகளின் கனடாவுக்கு, ஸ்காபரோவுக்குக் கொண்டுபோனது.

அம்மா அப்பாவைப் பிரிந்து, தான் நேசித்த மாலா அன்ரியுடன் வாழ்ந்தார். அது தெரிந்ததும், என்னைத் தன்னிடம் தரும்படி அப்பா வழக்குப் போட்டார். கோர்ட்டுக்குப் போன காலை அம்மாவின் சேலைக்கு மாலா அன்ரிதான் அயன் பிடித்தார்.

கோர்ட் வாசலில் லோயர் அம்மாவிடம், "மாலா வாடகைக்கு இருக்கிறவ எண்டு மட்டும் சொல்லுங்கோ. பிள்ளை உங்களுக்குத்தான்," என்றார்.

பஸ் டிரைவரிடம் வழி கேட்கவே கூசுகிற அம்மா என்னைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்றார். "பொய் சொன்னால் நாளைக்கு இவள் என்னை என்னெண்டு நம்புவாள்? உள்ளதைத்தான் சொல்லுவன்."

நீதிபதியிடமும் உள்ளதையே சொன்னார். தீர்ப்பு அம்மாவின் பக்கம் வந்தது.

"அண்டைக்குப் பயமாயிருக்கேல்லையோ அம்மா?" என்று பிறகு கேட்டேன்.

"பயத்தில கால் ரெண்டும் நடுங்கினது, பிள்ளை."

நான் அவர் கையைப் பிடித்தபடிதான் நின்றிருந்தேன். எனக்குத் தெரியவே இல்லை.