சாவு வீட்டுக்குப் போய்வந்த டீச்சர்

மேங் யோன்ஹி டீச்சர் எங்கள் தீவில் முதன்முதலில் இறங்கிய அன்றே, ஏதோ தப்புத் தண்டா செய்துவிட்டுத்தான் இங்கே தள்ளப்பட்டிருக்கிறார் என்று படகுத்துறையில் முடிவாகிவிட்டது. இல்லாவிட்டால் மொக்போ நகரத்துப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அலைக்கு வாந்தி எடுத்துக்கொண்டு தீவு தீவாக ஒருத்தி ஏன் அலைய வேண்டும்?

"ஹெட்மாஸ்டரை அடிச்சிருப்பாங்க" என்றான் டிக்கெட் கொடுக்கும் நோ.

"அடிச்சிருந்தா பரவாயில்லையே, காதலிச்சிருப்பாங்க" என்றார்கள் நெத்திலி உலர்த்தும் பெண்கள்.

எனக்கும் சந்தேகம்தான். ஆனால் நான் வேறு வழியில் போகிறவன். மேங் என்ற குடும்பப் பெயர் எங்கள் பக்கம் அதிகம் கிடையாது. ஐஸ் கிடங்கு வைத்திருந்த மேங் ஒருவர், அவர் தம்பி இழுவைப் படகு ஓட்டியவர், அவ்வளவுதான். இழுவைப் படகுக்காரருக்குப் பெண் பிள்ளை இல்லை. அப்படியானால் இவர் ஐஸ் கிடங்குக்காரரின் இரண்டாவது மகள். தாய் என் அக்காள் புருஷனின் ஊர்க்காரி; வாய் திறந்தால் உண்மையைத் தவிர ஒன்றும் வராது, அதனாலேயே யாரும் அவளைக் கல்யாண வீட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள். மகளும் அப்படித்தான் என்று பின்னால் தெரிந்தது.

டீச்சர் வந்தது சோதாமுக்காக. என் மனைவியின் தங்கை மகள் ஹியாங்மி. அவளுடைய ஒரே பெண் சோதாம். சிறுநீரக வியாதி. திடீரென்று முகமும் காலும் வீங்கிவிடும். அதற்குக் கொடுக்கும் மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடுவதால், பத்துப் பிள்ளைகள் இருமும் வகுப்பறைக்கு அனுப்பாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உப்பளத்தில் பிறந்த குழந்தைக்கு நாக்கில் உப்புக் கல் வைக்கக்கூடாது. ஏற்கெனவே ஒரு வருடம் போய்விட்டது. கூடச் சேர்ந்தவர்கள் மேல் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அடுத்த செட் பிள்ளைகளோடு ஆறாம் வகுப்பில் பெயர் மட்டும் இருந்தது. வீட்டுக்கு வரும் டீச்சரிடம் இந்த வருடத்துப் பாட நேரத்தை முடித்தால் அவர்களோடாவது மேலே போகலாம். முடிக்காவிட்டால் மறுபடியும் ஆறாம் வகுப்பு. "இனிமே குட்டிப் பசங்களோட உட்காரச் சொன்னா நான் கடல்ல குதிச்சுருவேன்" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். வாசலில் செருப்பைக் கழற்றி, கை கழுவி, முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போவார். ஹியாங்மி கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். பிறகு என் வீட்டுக்கு ஓடி வருவாள்.

"பெரியப்பா, இன்னைக்கு அந்தம்மா காலையில என்ன சாப்பிட்டேன்னு கேட்டாங்க. எதுக்கு?"

"பிள்ளைகிட்ட கேட்குற கேள்விதானே."

"எத்தனை கிராம் சோறு, எத்தனை கிராம் பூசணிக்காய்னு கேட்டாங்க. நான் பிள்ளையைப் பட்டினி போடுறேனான்னு பார்க்குறாங்க. போய் ஆபீஸ்ல சொல்லி எங்கிட்டருந்து பிரிச்சுருவாங்க."

"கணக்குப் பாடமா இருக்கும், ஹியாங்மி."

"கணக்குக்குப் பூசணிக்காய் எதுக்கு?"

அவள் புருஷன் மீன்பிடிக் கப்பலில் போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். தனியாகப் பிள்ளையின் பாதத்தை விரலால் அழுத்தி அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்தே காலம் கழிப்பவள். அவள் யாரையும் நம்பாததில் ஆச்சரியம் இல்லை. டீச்சர் வைத்துவிட்டுப் போன வண்ணப் பென்சிலைக்கூட வெந்நீரில் போட்டு எடுப்பாள். சாயம் போன பென்சிலால் சோதாம் கடலை வெள்ளையாக வரைந்தாள்.

குளிர் தொடங்கிய சமயம் அது நடந்தது. எங்களுக்கு அடுத்த தீவில் ஒரு பையன், பெயர் இன்குக், நுரையீரல் கோளாறு. அவனுக்கும் இதே டீச்சர்தான். அவன் மொக்போ ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். செய்தி படகில் வந்தது. அதே படகில் டீச்சரும் வந்தார், கறுப்புக் கோட்டோடு.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் நேராக இன்னொரு வீட்டுக்குள் நுழையமாட்டார். வாசலில் நின்று உப்பு வீசிக்கொண்ட பிறகுதான் சொந்த வீட்டுக்கே போவார். நோயாளி இருக்கும் வீட்டுப் பக்கம் தலைகாட்டவே மாட்டார். சாவின் தீட்டு ஆளோடு ஒட்டிக்கொண்டு வரும், பலவீனமானவரைத் தேடிப் பிடிக்கும் என்பது கணக்கு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்களும் இதில் ஒரு கண் வைத்துத்தான் இருப்பார்கள்.

ஹியாங்மி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். நான் மதில் ஓரம் வலை பிரித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கருந்து வர்றீங்க, டீச்சர்?"

பள்ளிக்கூடத்திலிருந்து என்று சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?

"ஆஸ்பத்திரியில இன்குக்கை வச்சிருக்கிற சாவு மண்டபத்துலருந்து நேரா வர்றேன்."

"சாப்பிட்டீங்களா அங்க?"

"சாப்பிட்டேன். அவங்கம்மா கையால போட்டாங்க."

கதவு படாரென்று மூடிக்கொண்டது. டீச்சர் தட்டவில்லை. திரும்பும் படகு வரும்வரை துறையில் குளிரில் உட்கார்ந்திருந்தார். அடுத்த செவ்வாய் வந்தார், கதவு திறக்கவில்லை. வெள்ளியும் அப்படியே. பிள்ளையை நேரில் பார்த்துச் சொல்லிக்கொடுத்தால்தான் அது பாட நேரத்தில் சேருமாம். உள்ளே சோதாம் அழுவது எங்கள் வீடு வரை கேட்டது.

"நீ கதவைத் திறக்கலேன்னா மறுபடியும் அதே வகுப்பு. உனக்கு அதுதான் வேணும்!"

"உயிரோட இருந்தா எந்த வகுப்புலயும் இருக்கலாம்டி!"

ஊர் இரண்டாகப் பிரிந்தது. "ஒரு டீச்சர், ரெண்டு சீக்காளிப் பிள்ளைங்க, ஒண்ணு போயாச்சு" என்று நெத்திலிப் பெண்கள் முணுமுணுத்தார்கள். அந்த அம்மாள் போகிற வீட்டிலெல்லாம் இப்படித்தானா என்று நோ விசாரிக்க ஆரம்பித்தான். அதற்கு முன்னாலும் இரண்டு பிள்ளைகள் போயிருந்தார்கள் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். தீராத வியாதிக்காரப் பிள்ளைகளிடம் போகிறவருக்கு வேறு என்ன நடக்கும் என்று நான் கேட்டேன். கேட்டேனே தவிர, அடுத்த தடவை படகுத்துறையில் டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றபோது நானும் ஓர் அடி தள்ளித்தான் நின்றேன்.

மூன்றாவது வாரம் ஹியாங்மி கதவைப் பாதி திறந்தாள். பாட நேரத்தை முடிக்க இருப்பது இன்னும் கொஞ்ச நாள்தான், பிள்ளையோ சாப்பிடவில்லை. கையில் ஒரு கிண்ணம் உப்பு, எங்கள் பாத்தியில் வாரிய கல்லுப்பு.

"ஒண்ணு சொல்லுங்க, விடுறேன். இனிமே எந்தச் சாவு வீட்டுக்கும் போக மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்ல முடியாதுங்க."

"வாய் வார்த்தைக்குச் சொன்னாப் போதும்."

"பொய்யாயிடுமே."

"செத்த பிள்ளைக்குப் பாடமா நடத்தப் போறீங்க?"

"அவன் அம்மாவும் முதல்ல என்னை நம்பலை. அப்புறம் நான் வர்ற நாளெல்லாம் வாசல்ல நின்னு எனக்காகக் காத்துட்டு இருப்பாங்க. பிள்ளை போயிட்டான், இனிமே உங்க வீட்டுல எனக்கு வேலை இல்லைன்னு இருந்துட முடியுமா? எந்த வீடா இருந்தாலும் நான் போவேன்."

எந்த வீடா இருந்தாலும். ஹியாங்மிக்கு அது புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சிவந்துபோய், கிண்ணத்து உப்பை அப்படியே அள்ளி டீச்சரின் நெஞ்சில் விசிறி அடித்தாள். "எங்க வீட்டுக்கு அப்படி வரவேண்டி இருக்காது! கேட்டுச்சா? வரவேண்டி இருக்காது!"

மூக்குக்கண்ணாடிக்குள்ளெல்லாம் உப்பு. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மெதுவாகத் திரும்பி நின்றார்.

"முதுகுல படலை. அங்கயும் போடுங்க."

உள்ளே இருந்து சோதாம், "அம்மா, போட்டு முடிச்சிட்டு உள்ள விடு, பின்னக் கணக்கு பாக்கி இருக்கு!" என்று கத்தினாள். ஹியாங்மி மிச்ச உப்பை முதுகில் போட்டாள். தோளில், கோட்டுக் காலரில், ஒவ்வொரு இடமாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். அப்புறம் விலகி வழிவிட்டாள்.

அதற்காக அவள் டீச்சரை நம்பிவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். செவ்வாய்தோறும் நோவுக்குப் போன் போட்டு, எந்தப் படகு, எந்தக் கோட்டு என்று விசாரிப்பாள். உப்பும் தவறாது. விட்டுப்போன நேரத்துக்காக டீச்சர் புதன்கிழமையும் வந்தார். அலையடிக்கும் நாளில் முகம் வெளுத்துப்போய் வந்து உட்காருவார். சோதாமே அவருக்கு வெந்நீர் கொடுத்துப் பாடத்தைத் தொடங்குவாள்.

பனி உருகுவதற்குள் பாட நேரம் நிறைந்துவிட்டது. மார்ச்சில் புதுப் பள்ளி ஆண்டு தொடங்கியபோது, மருந்தும் குறைந்திருந்ததால், சோதாம் முகமூடி போட்டுக்கொண்டு மற்ற பிள்ளைகளோடு மேல் பள்ளிக்குப் போனாள்.

டீச்சர் கடைசியாக வந்த அன்று ஹியாங்மி கேட்டாள்: "அடுத்து எங்க?"

"வடக்குத் தீவுல ஒரு பையன். அவங்கம்மா ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஏன்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

ஹியாங்மி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "நீங்க என்ன சொன்னாலும் நம்ப மாட்டாங்க. அவங்களுக்கு என் நம்பரைக் குடுங்க. நான் பேசுறேன்" என்றாள்.