ஈரக் கைக்கு ஒரு கத்திப்பிடி

காலை ஐந்தரை மணிக்கு கோபி பேருந்து நிலையத்தில் கோவை பஸ் ஏறினோம். சத்தி, புளியம்பட்டி, அன்னூர் வழியாக ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். டிக்கெட் ஆளுக்கு எழுபது ரூபாய். பச்சைமலைக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, "முருகா, போற காரியம் ஆகோணும்" என்று கும்பிட்டுக்கொண்டேன். என் மடியில் ஈரத்துணி சுற்றிய நாலு வாழையிலை இருந்தது.

ஜன்னலோரம் என் மனைவி சரஸ்வதி. சத்தி தாண்டியதும் என் மடியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க, நம்மூர்ல இருந்து கோயமுத்தூருக்கு லாரி லாரியா எலை போவுது. நீங்க நாலு எலையக் கட்டிக்கிட்டுப் போறீங்க. ஆராச்சும் கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?"

"கேட்டா சொல்லிக்கறேன். நீ வா."

விஷயம் இதுதான். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் அமாவாசைதோறும் அன்னதானம் நடக்கும். இலையை நறுக்கி அளவாக்கித் தருவது வெகுகாலமாகச் சரஸ்வதிதான். பிள்ளைகள் ஓடியாடும் மண்டபம் என்பதால் மடக்குக் கத்திதான் வைத்துக்கொள்வாள். வேலை முடிந்ததும் மடக்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொள்வாள். போன வருஷம் அவளுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. வலது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சொன்னபடி கேட்கும். மற்ற மூன்றும் பாதிதான் மடங்கும். அப்படியும் விடாமல் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

போன அமாவாசையன்று கத்தியின் ஸ்டீல் பிடி ஈரத்தில் வழுக்கி உள்ளங்கையைக் கீறிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் இலையில் விழுந்தது. எங்கள் கோயிலில் ஒரு இலையில் ரத்தம் பட்டாலும் அந்தக் கட்டு முழுவதும் மாட்டுக்குத்தான் போகும், பந்திக்கு வராது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகவே கத்தியை மடக்கி அம்மன் காலடியில் வைத்து, "இனி என்ற கை வேண்டாந் தாயி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அதிலிருந்து கோயில் பேச்சை எடுத்தாலே அடுப்படிக்குள் போய்விடுவாள்.

கை வேண்டாம் என்று அம்மனா சொன்னாள்? வழுக்கியது பிடிதானே? நான் அதிகம் படித்தவன் இல்லை. எனக்கு இவ்வளவுதான் தோன்றியது. அடுத்த அமாவாசைக்குள் அவள் கைக்கு ஏற்ற பிடியைத் தேடிப் பிடித்தே தீருவது என்று கிளம்பிவிட்டேன்.

எட்டே கால் மணிக்குக் காந்திபுரம். இட்லி சாப்பிட்டு, கோனியம்மனைக் கும்பிட்டு, டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் கத்திக் கடை திறக்கும்வரை காத்திருந்தோம். பத்து மணிக்குத் திறந்தார்கள். மடக்குக் கத்தி என்றதும் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிமேல் வரிசையாக எடுத்து வைத்தார்.

"ஒரு சொம்பு தண்ணி வேணுங்க" என்றேன்.

"குடிக்கவாங்க?"

"கத்திக்குங்க."

அவர் என்னையும் இலைக்கட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்தார். உலர்ந்த கையில் எந்தப் பிடியும் நன்றாகத்தான் இருக்கும். எங்களுக்கு வேண்டியது தண்ணீரும் வாழைக்கறையும் பட்ட கைக்கு ஏற்றது. சரஸ்வதி கையை நனைத்து, ஒவ்வொன்றாக எடுத்து இலையில் ஓட்டிப் பார்த்தாள். பித்தளைப் பிடி நூற்றெழுபது ரூபாய். பார்க்க அழகு, கனத்தில் கை தொங்கியது. பிளாஸ்டிக் நூற்றிருபது, கறை பட்டதும் சோப்புக்கட்டி மாதிரி நழுவியது. ஈட்டி மரம் இருநூற்று ஐம்பது. பிடிப்பு சுமார்தான், தண்ணீரில் ஊறினால் மரம் உப்பி கத்தி மடங்காமல் நிற்கும் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். நல்ல வியாபாரி.

கடைசியாக உள்ளே இருந்து ஒன்று எடுத்து வந்தார். கருப்பாக, சொரசொரப்பாக, நடுவில் பருத்த பிடி. சரஸ்வதி கையில் வாங்கியதும் அப்படியே நின்றது. இலையின் நடுநரம்பை ஒட்டி ஒரே இழுப்பில் கிழித்தாள். எனக்கு உயிர் வந்தது.

"இது என்னதுங்க?" என்று கேட்டாள்.

"எருமைக் கொம்புங்கம்மா. நானூறு ரூவா."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "சாமி சோத்துக்குக் கொம்பு ஆகாதுங்க."

"ஏனுங்கம்மா, கோயில்ல மேளம் தோலுதானுங்களே? சங்கு மட்டும் என்னவாமா?"

எனக்கும் அந்த நியாயம் பிடித்திருந்தது. ஆமாம் என்று சொல்லவும் வாயெடுத்தேன்.

"மேளத்துல ஆரும் சோறு போட்டுத் திங்கறதில்லீங்க" என்றாள்.

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்க ஊட்டுக்காரம்மாகிட்ட வாதாட முடியாதுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "கருமத்தம்பட்டில தறிச் சாமான் செய்யற அந்தோணின்னு கேளுங்க. பிடி மாத்திக் குடுப்பாரு" என்றார். நல்ல அலகு உள்ள பிளாஸ்டிக் பிடிக் கத்தி ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

கருமத்தம்பட்டி இருபத்தைந்து கிலோமீட்டர். பகல் ஒரு மணிக்கு இறங்கியபோது தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம். அந்தோணி வீட்டோடு ஒட்டிய சின்னப் பட்டறையில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு பழுப்புத் தகட்டை எடுத்துக் காட்டினார்.

"துணி பேக்கலைட்டுங்க. காடாத்துணிய அடுக்கடுக்கா வெச்சுப் பசை ஊத்தி அழுத்துனது. தறிக்குப் பல்சக்கரம் இதுலதான் செய்வோம். பாலிசு போடாம உட்டா ஈரத்துல இன்னும் புடிக்கும்."

துணி. பருத்தி. அதில் சாமிக்கு ஆகாதது எதுவும் இல்லை. முருகன் கண் திறந்துவிட்டான் என்றே நினைத்தேன். அரை மணியில் பிளாஸ்டிக் பிடியைக் கழற்றி, தகட்டை வெட்டிப் பொருத்திக் கொடுத்தார். சரஸ்வதி கையை நனைத்துப் பிடித்தாள். வழுக்கவில்லை. ஆனால் தகடு மெல்லிசு. முழுதாக மடங்காத மூன்று விரலுக்கும் பிடிக்கும் நடுவே இடைவெளி. இலையில் அழுத்தியதும் கத்தி பக்கவாட்டில் சாய்ந்து கீழே விழுந்தது.

"போதுங்க. போலாம்" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"போறதுக்கு வரல. உக்காரு."

"என்ற கையி அவ்வளவுதானுங்க. உங்களுக்கு ஏன் புரிய மாட்டீங்குது?"

வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தோணியின் மனைவி ஸ்டெல்லா உள்ளே போனார். சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டையோடு திரும்பி வந்தார். "அழுவாதீங்கக்கா. இத உங்களுக்கு வர்ற மாதிரி புடிங்க."

சரஸ்வதி பிடித்தாள். ஒவ்வொரு விரலும் தன்னால் எட்டுகிற இடத்தில் பள்ளம் பதித்தது. மாவை வாங்கிப் பார்த்த அந்தோணி, "இவ்வளவு குண்டு வேணுமா!" என்றார்.

"என்னக் கேட்டிருந்தா, அவங்க வந்தப்பவே சொல்லிருப்பேன்" என்றார் ஸ்டெல்லா.

அந்தோணி இரண்டு பக்கமும் இன்னும் தகடுகளை ஒட்டி ஆணியடித்து, மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அரம் போட்டு அராவினார். ஒட்டியது இறுக நேரம் பிடித்தது. ஐந்து மணிக்குக் கத்தி கைக்கு வந்தது. மொத்தம் முந்நூற்று ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மீதியிருந்தது ஒரே இலை. சரஸ்வதி கையை நனைத்தாள், பிடித்தாள், இழுத்தாள். இலை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியை மறுபடி நறுக்கினாள். அதையும் நறுக்கினாள். விரல் அகலத் துண்டாகும்வரை விடவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நாலே நாலு எலையத்தானுங்க கொண்டுட்டு வந்தீங்க?" என்றாள்.

அவிநாசி, சேவூர், நம்பியூர் வழியாக ஊர் திரும்பினோம். பெரிய ஊரில் கண்ணாடிமேல் அத்தனை பிடி இருந்தது. எங்கள் கைக்கானது ஒரு சப்பாத்தி மாவில் இருந்திருக்கிறது. இலை வயல்களைப் பார்த்தபடி அவள் சுருக்குப்பையை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அமாவாசையன்று மண்டபத்தில் அவளுடைய இடத்தில் அவளே உட்கார்ந்தாள். நான் எட்ட நின்றுகொண்டு, அவள் கையைப் பார்ப்பதும் அம்மனைப் பார்ப்பதுமாக இருந்தேன். பந்தியில் உட்கார்ந்ததும் என் இலையைத் தூக்கி, அடியில் ஒருதரம் பார்த்தேன். பச்சையைத் தவிர வேறு நிறம் இல்லை.

"அங்க என்னத்தத் தேடறீங்க?" குழம்பு வாளியோடு எதிரே நின்றாள்.

"ஒண்ணுமில்ல."

"அப்ப எலையக் கீழ வையுங்க. பின்னால சனம் நிக்குது."