டிரையர்கள் ஓடிய நாள்

என் மனைவிக்கு வேலையிடத்தில் பட்டாசு என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட ஒருவருக்கும் தைரியம் கிடையாது. ஆஸ்பத்திரியின் பின்புறம் இருக்கும் கேஸ் இன்ஜின் அவள் பொறுப்பு. வார்டுகளுக்கு மின்சாரமும், இன்ஜின் சூட்டில் காயும் வெந்நீரும் அங்கிருந்துதான் போகின்றன. அந்த வெந்நீரில் போர்வை துவைக்கும் சலவைக்கூடத்தில் நான். ஆக, அவள் பக்கம் கொதித்தால்தான் எனக்கு வேலை நடக்கும். வீட்டிலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

அவள் சேர்ந்த புதிதில், "பொம்பளைக்கு இன்ஜின் வேலை எதுக்கு?" என்று கேட்ட மேஸ்திரியிடம், "உங்களுக்கு எதுக்கோ அதுக்குத்தான்" என்றாளாம்.

புதுக் கட்டடம் வந்தபின் மின்சாரம் போதவில்லை. இன்ஜினுக்குப் போகும் கலவையில் கேஸைக் கூட்டச் சொன்னார் மேனேஜர். மின்சாரம் கூடியது, புகை கெட்டது. கண்ணுக்கே தெரியாத புகை. குட்டையான புகைபோக்கி எங்கள் ஜன்னலைப் பார்த்து நிற்கிறது. கண் எரியும், தொண்டை கமறும், நாள் முழுக்க நானும் கூட வேலை பார்ப்பவர்களும் இருமுவோம். வருடத்துக்கு ஒருமுறை புகையை அளக்க அரசாங்கத்து ஆள் வரும்போது மட்டும் கேஸைக் குறைப்பார்கள். எங்கள் கூடத்தில் துணி உலர்த்தும் மின்சார டிரையர்களை அணைத்து இன்ஜினின் சுமையையும் குறைப்பார்கள். ஆள் வாசலைத் தாண்டியதும் எல்லாம் பழையபடி.

இந்த வருடம் கேஸைக் குறைக்க வேண்டியவள் அவள். மாட்டேன் என்றுவிட்டாள். மேனேஜர் குழைந்து பார்த்தார். பிறகு, "உன் வீட்டுக்காரரும் இங்கதான் வேலை பாக்கறாரு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

அன்று ராத்திரி வீட்டில் அவள் இதைச் சொன்னாள். "ஒரு நாள்தானே, கொஞ்சம் வளைஞ்சு குடுத்தா என்ன?" என்று சாப்பிடும்போது கேட்டேன்.

"அந்த ஒரு நாள் மட்டும் நல்ல காத்து. மத்த நாளெல்லாம் உங்க நெஞ்சுக்குள்ள என்ன போகுது? நீங்க இருமுறது எனக்குக் கேக்கலன்னு நினைச்சீங்களா?"



மறுநாள் அளக்க வந்தவர் புகைபோக்கியில் குழாயைச் செருகினார். அவள் கேஸைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோல் பெட்டியைப் பூட்டிவிட்டு அதன் முன்னாலேயே நின்றாள். வெளியாள் முன்னால் மேனேஜரால் சாவியைப் பிடுங்க முடியுமா? ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. டிரையர்களை எப்போதோ அணைக்கச் சொல்லிவிட்டார். இந்தக் குறைந்த சுமையில் அளந்தால் கெட்ட புகையும் தப்பித்துவிடும். அவள் ஒற்றை ஆளாக நின்றது வீண்.

ஜன்னல் வழியே அவள் முகம் தெரிந்தது. உதடு துடித்தது. இத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ! முதல் டிரையரைப் போட்டேன். அடுத்ததைப் போட்டேன். ஒன்று விடாமல் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஜின் உறுமியது.

மேனேஜர் ஓடி வந்தார். "யாருய்யா போட்டது? பொண்டாட்டி சொன்னாளா?"

"அவ சொல்லல சார். நானாத்தான் போட்டேன். தினமும் ஓடுற மாதிரி ஓடட்டும், அளக்கட்டும்."

அளவு எகிறியது. புகையைச் சரிசெய்யும் வரை இன்ஜின் ஓடக்கூடாது, வெளி மின்சாரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார் வந்தவர்.

சாயங்காலம் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

"வருவோம் சார்," என்றாள் அவள். "என்ன தப்பு பண்ணோம்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு அனுப்புங்க."

மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு இருவரும் கேட்டில் போய் நின்றோம். எங்களுக்குப் பின்னால் சலவைக்கூடம் மொத்தமும் நின்றது.