முறை வைத்து ஜெயிலுக்குப் போனவர்கள்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாட்டுங்காவில் மற்ற வீட்டு ஆண்கள் தலைக்குக் குளித்து, மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுவார்கள். என் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போவார். "சார் இருக்காரா?" என்று யாராவது கேட்டு வந்தால், "ஜெயில்ல இருக்கார்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் அலுத்துவிட்டது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் அதை நிஜமென்று நம்பி, பாவம், ஒரு வாரம் எனக்கு ரசம் கொடுத்தனுப்பினாள்.

வானமாமலை என்று பெயர். நாங்குநேரிப் பக்கம். பரீட்சை எழுதிப் போலீஸ் அதிகாரியானவர். எங்கெங்கோ ஜில்லாக்களில் என்னையும் பெட்டி படுக்கையையும் இழுத்துக்கொண்டு அலைந்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் பம்பாய்க்கு டெபுடி கமிஷனராக வந்தார். தாராவியும் அவர் எல்லைக்குள் இருந்தது. மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. தாராவியில் கழிமுகப் பக்கம் சாராயம் காய்ச்சுவார்கள், போலீஸ் ரெய்டு போகும், பானை உடையும், ஒருத்தன் பிடிபடுவான், மூன்று மாசம் உள்ளே இருந்துவிட்டு வருவான். கொஞ்ச நாளில் மறுபடி ரெய்டு.

மற்ற அதிகாரிகளாக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். இவருக்குத்தான் மண்டையில் ஒரு வண்டு குடைந்துகொண்டே இருந்தது. உள்ளே போய் வந்தவன் ஏன் மறுபடியும் உள்ளே போகிறான்? இதற்காகக் குற்றவியல் என்று ஒரு படிப்பு இருப்பதைக் கண்டுபிடித்து, தலை நரைத்த வயசில் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டார். சாராயக் கேஸில் திரும்பத் திரும்ப ஜெயிலுக்கு வந்த திருநெல்வேலிக்காரர்களோடு ஞாயிறு தவறாமல் போய் உட்கார்ந்து பேசினார். அப்பா என்ன வேலை பார்த்தார், எத்தனை வகுப்பு படித்தாய், சின்ன வயசில் பட்டினி கிடந்ததுண்டா, அம்மா அடிப்பாளா. சொந்தப் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கின்றன என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார். கைதிகளின் தகப்பன்மார் சரித்திரம் எல்லாம் மனப்பாடம்.

நான் சண்டை போடாமல் இல்லை. போட்டுப் போட்டு ஓய்ந்துபோனேன். அவரும் ஓய்ந்துதான் போயிருந்தார். ஆபீஸிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் சரிந்து கிடப்பார். ஆனால் அந்த ஆராய்ச்சியை எடுத்து வைத்துக்கொண்டால் மட்டும் முகத்தில் ஒரு களை வரும். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அறுபத்திரண்டில் ஆராய்ச்சி முடிந்து, டைப் அடித்தும் ஆகிவிட்டது. அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியானம் பூமாரி வந்தாள்.

வாயும் வயிறுமாக இருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை வேறு. தாராவியிலிருந்து அந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். கேஸ் விஷயமாக யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிட வேண்டும் என்பது வீட்டுக்காரர் உத்தரவு.

"அய்யா வீட்டில இல்லம்மா. எதுவானாலும் ஆபீஸ்ல போய்ச் சொல்லு."

"அய்யாவப் பாக்க வரல. ஒங்களத்தாம்மா பாக்க வந்தேன். ஒரு வாய் தண்ணி தாங்க."

அந்த வயிற்றைப் பார்த்த பிறகு கதவைச் சாத்துகிற கை யாருக்கு இருக்கிறது? உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

அவள் புருஷன் பிச்சை, தோல் கம்பெனியில் கூலி. சாராயக் கேஸில் மூன்று தடவை தண்டனை ஆகிவிட்டதால் அவன் மேல் தடிபார் நோட்டீஸ் வந்திருந்தது. தடிபார் என்றால் ஊரைவிட்டுத் தள்ளி வைப்பது. இரண்டு வருஷம் பம்பாய் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. விசாரித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் என் வீட்டுக்காரர்.

"மூணு தடவை காய்ச்சினா நோட்டீஸ் வராம என்ன செய்யும்?" என்றேன்.

"எங்க வீட்டு ஆளு ஒரு தடவகூடக் காச்சுனதில்லம்மா. அவுகளுக்கு வெந்நி வைக்கவே தெரியாது."

அப்புறம் அவள் முழுக் கதையையும் சொன்னாள். அவர்கள் சந்தில் காய்ச்சுகிறவன் சிவனாண்டி ஒருத்தன்தான். அவன் தொழிலை நம்பி வெல்லம் சுமக்கிறவன், விறகு கொண்டு வருகிறவன் என்று சந்து முழுக்கப் பிழைக்கிறது. அவன் உள்ளே போனால் எல்லா அடுப்பும் அணைந்துவிடும். அதனால் ரெய்டு வந்தால் யார் பானைப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று, அம்மன் கொடைத் திருவிழாவுக்கு முறை வைப்பது போல வீட்டுக்கு வீடு முறை வைத்திருக்கிறார்கள். முறைக்காரன் ஜெயிலில் இருக்கும்வரை அவன் வீட்டுக்குச் சந்தே சோறு போடும். வெளியே மூச்சு விடுவதில்லை என்று அம்மன் முன்னால் சத்தியமும் செய்திருக்கிறார்கள்.

"அப்போ ஒரு முறைதானே வரும்? உன் புருஷனுக்கு ஏன் மூணு?"

"அந்தக் கூத்தக் கேளுங்க. மொத தடவ எங்க முறை. ரெண்டாவது, பக்கத்து வீட்டுல இருக்க பையனுக்கு முறை. அவனுக்குக் கல்யாணமாயி ஒரு மாசங்கூட ஆவல. புதுப் பொண்டாட்டிய விட்டுட்டு எப்படிப் போவான், நான் போறம்னு இவுக போய் நின்னாக. மூணாவது முறைக்காரருக்குக் காய்ச்சல். அதுக்கும் இவுகதான். மூணு ஆனா ஊர விட்டே தொரத்துவாகன்னு யாருக்கும்மா தெரியும்?"

இரக்கப்பட்டு இரக்கப்பட்டே மனுஷன் பழைய குற்றவாளியாகிவிட்டான். சந்து மூன்று மாசம் சோறு போடும், இரண்டு வருஷம் போடுமா? வேலையும் போய்விடும். பிரசவ நேரத்தில் துணைக்கு யார்? பிச்சையோ சத்தியத்தை மீறி வாய் திறக்க மாட்டான். அவனுக்குத் தெரியாமல்தான் இவள் வந்திருந்தாள்.

திடீரென்று எனக்கு ஒன்று உறைத்தது. "ஏம்மா, எங்க வீட்டுக்காரர் ஜெயில்ல வந்து உட்கார்ந்து என்னென்னமோ கேட்டாரே. அதுக்கெல்லாம் என்ன சொன்னாங்க?"

பூமாரி தலையைக் குனிந்துகொண்டாள். "நல்ல மனுசன், லீவு நாள்ல வீட்ட விட்டுட்டு வந்து கேக்காரு, மொகம் வாடக் கூடாதுன்னு எல்லாரும் எதையாவது சொல்லி வைப்பாகளாம்மா. சின்ன வயசுல பட்டினின்னு சொன்னா ரொம்ப சந்தோசப்படுவாருன்னு இவுக சொன்னாக."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளும் கண் முன்னால் வந்து நின்றன.

சாயங்காலம் அவர் காபி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னேன். கேஸ் விஷயத்தை எப்படி வீட்டுக்குள் விட்டாய் என்று முதலில் குதித்தார். நான் நிறுத்தாமல் கடைசிவரை சொல்லி முடித்தேன். எழுந்து போய் டைப் அடித்த கட்டை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ நான் பேசினவங்கள்ல யாருமே காய்ச்சினவங்க இல்லையா?" என்றார்.

"அது எனக்குத் தெரியாது. பிச்சைக்கு ஒரு வழி சொல்லுங்கோ."

"அவன் வாயால சொல்லணும் வள்ளி. நீ கேட்டது, நான் கேட்டது எதுவும் சட்டத்துக்கு ஆகாது. 'நான்தான்'னு அவனே சொன்னா நான் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்."

விசாரணையன்று நடந்ததை அவரும் சொன்னார். கூட நின்ற ஹவல்தார் நெல்லையப்பன் பிறகு வீட்டுக்கு வந்தபோது நடித்தே காட்டினார்.

பிச்சை கைகட்டி நின்றானாம். நீதானே காய்ச்சினாய் என்றதற்கு ஆமாங்கய்யா. மூன்று தடவையுமா? ஆமாங்கய்யா. இரண்டு வருஷம் வெளியே போக வேண்டியிருக்கும், யோசித்துச் சொல். யோசிச்சிட்டேங்கய்யா, நான்தான். இவர் பேனாவைத் திறந்துவிட்டார். திறந்தவர் என்ன தோன்றியதோ, மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:

"எப்படிக் காய்ச்சுவ?"

பிச்சை விழித்தான். "அடுப்புலதாங்கய்யா."

"அடுப்பில என்ன வைப்ப?"

"பானை."

"பானைக்குள்ள?"

"தண்ணி. பொறவு வெல்லம். வெல்லம் கரைஞ்சதும்..." சுற்றுமுற்றும் பார்த்தானாம். உதவிக்கு யாரும் இல்லை. "ஏலக்காய் தட்டிப் போடணும்யா."

நெல்லையப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். இவர் சிரிக்கவில்லை. "எவ்வளவு நேரம் கொதிக்கணும்?"

"ஒரு கொதி வந்ததும் எறக்கிரணும்யா. இல்லன்னா அடிப்பிடிச்சிரும்."

ஊரைவிட்டுத் துரத்தப்படப் போகிற மனுஷன், பாயசம் வைக்கிற முறையைச் சொல்லிவிட்டு நிற்கிறான்! அத்தனை கைதிகளிடம் அத்தனை கேள்வி கேட்டவர் இந்த ஒன்றை மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்பா அடித்தாரா என்று கேட்டவருக்கு, எப்படிக் காய்ச்சினாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

காய்ச்சும் முறையே தெரியாத ஆளைக் காய்ச்சினவன் என்று தள்ளி வைக்க முடியாது என்று எழுதி நோட்டீஸை ரத்து செய்தார். பிச்சை வெளியே வந்து, சத்தியம் கெட்டுப்போச்சே என்று படிக்கட்டில் உட்கார்ந்து அழுதானாம். பூமாரிக்குப் பையன் பிறந்தபோது அவன் பக்கத்தில் இருந்தான். அந்தச் சேதி கேட்டு எனக்கு உண்டான சந்தோஷம் என் பிள்ளைகள் பாஸானபோதுகூட உண்டானதில்லை.

ஆராய்ச்சியை அவர் கொடுக்கவில்லை. அப்படியே கொடுங்கள், யார் கேட்கப்போகிறார்கள் என்றாராம் பேராசிரியர். நானும் அதையேதான் சொன்னேன். "இத்தனை வருஷம் என்னையும் பிள்ளைகளையும் காயப்போட்டதுக்கு அந்தப் பட்டமாவது வரட்டுமே" என்று கத்தினேன். "பொய்யை நானே டைப் அடிச்சுக் கொடுக்கச் சொல்றியா?" என்றார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருந்தார். இருந்தும் இல்லாத மாதிரி இருந்தார்.

பிச்சை கேஸில் அவர் எழுதிய உத்தரவு மேலே போய், அப்படியானால் காய்ச்சினது யார் என்று கேள்வி வந்தது. சந்துக்குள் விசாரணை துருவ ஆரம்பித்தது. சிவனாண்டி எந்நேரமும் மாட்டிக்கொள்வான் என்ற நிலை வந்தது.

மழைக்காலம் முடிந்ததும் அதே சந்திலிருந்து இன்னொரு மூன்று தண்டனைக்காரர் தடிபார் விசாரணைக்கு வந்தார். சொரிமுத்து. வயசானவர். பெண்டாட்டி பிள்ளை யாரும் இல்லாததால் மற்றவர் முறைக்கும் அவரே போய் நின்றிருக்க வேண்டும். கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிறவர். அவர் சாராயம் காய்ச்சினார் என்றால் பச்சைக் குழந்தைகூட நம்பாது. என் வீட்டுக்காரர் தெம்பாகவே, எப்படிக் காய்ச்சுவீர் என்ற அதே கேள்வியைக் கேட்டார்.

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். வெல்லத்திலிருந்து ஆரம்பித்து, பட்டை, ஊறல், அடுப்பு, குழாய் என்று ஒரு இடத்திலும் திக்காமல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். சிவனாண்டியைக் காப்பாற்றச் சந்தே கூடி உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இவர் குறுக்குக் கேள்வி கேட்டுப் பார்த்தார். அதற்கும் பதில் தயாராக இருந்தது. ரெண்டு வருஷம் எங்கே போவீர் என்று கேட்டார். ஊரில் யாரும் இல்லை, கல்யாண் பக்கம் எங்காவது கிடப்பேன் என்றார் கிழவர்.

வேறு வழியில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

அன்று சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து இவ்வளவையும் சொன்னார். சாப்பிட வாங்கோ என்று கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டதும் அந்த மனுஷன் என்ன கேட்டார் தெரியுமா வள்ளி? 'எல்லாம் சரியாச் சொல்லிட்டேனாங்கய்யா?'ன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னேள்?"

"சரியாத்தான் சொன்னீர்னு சொன்னேன். கும்பிடு போட்டுட்டு சந்தோஷமாப் போனார்."