தலைத்துண்டை அவிழ்த்தவர்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படித்துவிட்டால், தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் நேராகப் பேசிவிடலாம் என்ற எண்ணம், பேராதனையில் ஒரு விரிவுரையின் நடுவே எனக்குத் தோன்றியது. அடுத்த சனிக்கிழமையே பல்கலைக்கழக நண்பர்கள் நாலு பேர் நோர்வூட் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பாடம் தொடங்கிவிட்டோம்.

தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் ஒருவர், வேலை முடிந்து வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பார். ஒடிசலான ஆள், கையெல்லாம் கீறல். பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படித்தால் துரையே எதிரே வந்துவிட்டதுபோல் சட்டென்று தலைத்துண்டை அவிழ்த்துவிடுவார். படிப்பது சொந்த மகளாக இருந்தாலும் அப்படித்தான்.

ஐந்தாம் வாரம் மகள் வரவில்லை. தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் வேலைக்குப் பேர் பதிந்துவிட்டார்களாம்.

"தொரைகிட்ட கேளுங்க. நான் இங்கிலீஷ்ல எழுதித் தர்றேன்" என்றேன், வெளியே போய் அவரிடம்.

"கேட்டேனுங்க. அவருக்குத் தமிழ் நல்லாவே வரும். இன்னும் ரெண்டு வருஷம் படிக்கட்டும்னு தமிழ்லதான் சொன்னேன். முடியாதுன்னு அவரும் தமிழ்லயேதான் சொன்னாரு."

உள்ளே நண்பன் பாடத்தைத் தொடங்கினான். அவர் கை தலைத்துண்டுக்குப் போனது. மகளே இல்லாத வகுப்புக்கு ஏன் அவிழ்த்தார் என்று நாலு நாளாக யோசித்தும் விளங்கவில்லை.

வருகிற சனிக்கிழமை பாடம் கிடையாது. மகளை மறுபடி படிக்க விடச் சொல்லிக் கேட்க, நாலு பேரும் அவரோடு துரை பங்களாவுக்குப் போகிறோம். நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கே இல்லை. "அங்க துண்ட மட்டும் அவுக்காதீங்க" என்று அன்று கிளம்பும்போதே அவரிடம் கேட்டுக்கொண்டேன்.