செல்லத்துரை மாமாவும் குமாரின் இரண்டாம் ஊசியும்

செய்தி முதலில் என் தம்பி குமாருக்குத்தான் வந்தது. ஹாக்கி கிளப் அண்ணன் ஒருவர் பள்ளிக்கு வந்து, எட்டாம் வகுப்பிலிருந்த அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இரண்டு அறை தள்ளி, ஒன்பதாம் வகுப்பில், நான் வரைபடத்தில் ஆறுகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, "ஒங்க மாமா தவறிட்டாவளே, ஒனக்குத் தெரியாதா?" என்றார். தெரியாது. மாமா விஷயத்தில் சாவிலும் குமாருக்குத்தான் முதலிடம்.

கிளப்பின் அஞ்சலி மலருக்கு எழுதவும் அவனைத்தான் கேட்டிருக்கிறார்கள். நான்கு வரி எழுதிவிட்டுத் தூங்கிவிட்டான். யாரும் கேட்காமல் நான் எழுதுகிறேன். அம்மா விழித்துப் பார்த்தால் என்ன செய்வது என்று பயமாகத்தான் இருக்கிறது.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். செல்லத்துரை மாமா என் அம்மாவின் அண்ணன். பகலில் நூற்பாலையில் ஃபிட்டர். மாலையில் கோவில்பட்டி ஹாக்கி மைதானத்தின் மைக் அவருடையது. "ஏலே அஞ்சாம் நம்பர், பந்து அங்கன கெடக்கு. நீ இங்கன யாரத் தேடுத?" என்பார். கூட்டம் சிரிக்கும், அஞ்சாம் நம்பரும் சிரித்துக்கொண்டே ஓடுவான். தோற்ற அணியின் பெயரையும் ஒரு முறை மரியாதையாகச் சொன்ன பிறகுதான் மைக்கை அணைப்பார். அவருக்கும் அத்தைக்கும் பிள்ளைகள் இல்லை. குமாருக்கு மட்டை வாங்கித் தந்தார், விளையாடக் கூட்டிப்போனார். என்னிடம், "நீ படிக்கிற புள்ள" என்பார். அதைப் பாராட்டு என்று நான் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. "மைக்ல கத்துத வீக்கம், போயிரும்" என்று மருந்துக்கடை மாத்திரையிலேயே எட்டு மாதத்தைக் கடத்திவிட்டார். மதுரை ஆஸ்பத்திரியில் தொண்டைப் புற்று என்றார்கள். பீடி, புகையிலை, குடி எதையும் தொடாதவர். "ஒளிச்சு வச்சுக் குடிச்சிருப்பாரு" என்று ஊர் பேசியது.

மாமா ஒளிக்கவில்லை. ஒரு மாலை நான் கஞ்சி ஃபிளாஸ்க்கோடு மைதானத்துக்குப் போனபோது, பையன்களை உட்காரவைத்துக் கரகரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஹெச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ்லே. பொம்பளையளுக்குக் கர்ப்பப்பை வாய்ல புத்து வருதுல்லா, அதே கிருமிதான். ஆம்பளைக்கும் தொத்தும். நெறைய பேருக்குத் தானாப் போயிருமாம். எனக்குப் போகல."

"எப்படித் தொத்தும் அண்ணாச்சி?" என்றான் ஒருவன். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"ஒடம்பும் ஒடம்பும் சேருததுல. எனக்கு எப்பத் தொத்துச்சுன்னு டாக்டருக்கே தெரியாது. வருசக்கணக்கா உள்ள சும்மா கெடந்திருக்கு. ஒங்க வயசுக்கு ஊசி இருக்கு, போட்டுக்கிடுங்க. வெக்கப்பட்டுட்டு இருந்தா கிருமி வராம இருக்குமாலே?"

இது காதுக்கு வந்தபின் அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அத்தை மட்டும் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் சொன்னபடி தானும் பரிசோதனை செய்துகொண்டார். அத்தைக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் மாமா குமாரைக் கூட்டிப்போய் முதல் ஊசி போட்டுவந்தார். அவனோ போரில் காயம்பட்டவன் மாதிரி தோளைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். "ஏட்டி, தொடாத, வலிக்குது!" நான் மாமாவிடம், "எனக்கு?" என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு, "ஒனக்கும் உண்டுட்டி" என்றார். குழந்தைக்குச் சொல்லும் சமாதானம் என்று நினைத்துக்கொண்டேன்.

கதிர்வீச்சுச் சிகிச்சையில் குரல் போய்விட்டது. ஆனாலும் மைதானத்துக்கு வந்தார். சீட்டில் எழுதித் தருவார். குமார் மைக்கில் வாசிப்பான். அதுவும் அவன்தான். தமிழில் வகுப்பிலேயே முதலாவதாக வரும் நான் கூட்டத்தில் நின்று, அவன் தட்டுத்தடுமாறி வாசிப்பதைக் கேட்டேன். அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் பையிலிருந்த தடுப்பூசிக் கார்டை எடுத்து என் அட்லஸுக்குள் ஒளித்தேன்.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் ஊசிக்கான நாள் வந்தது. "கார்டு எங்கே?" என்று மாமா எழுதிக் காட்டினார். வீடு முழுக்கத் தேடினார்கள். நானும் சேர்ந்து தேடினேன். அம்மா, "தொலஞ்சது நல்லதுக்குத்தான். அந்தப் பேச்சே இனி வேண்டாம்" என்றார். மறுவாரம் மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை.

நேற்று காரியம் முடிந்தது. அத்தை, மாமா எழுதிய சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஊசிக்கு மொதல்ல ஒன்னயத்தான் கேட்டாவ, தெரியுமாட்டி? ஒங்கம்மதான், 'வயசுக்கு வந்த புள்ளைக்கு அந்த ஊசியா, ஊரு என்ன பேசும்? பையனுக்குன்னா போடுங்க'ன்னுட்டா. அவிய அன்னைக்குச் சாப்பிடவே இல்ல."

கார்டைப் பற்றிச் சொல்லாமல் கேட்டேன்: "குமாருக்குத்தான் தேதி தப்பிட்டே அத்தே?"

"தப்புனா என்ன? மொதல்ல இருந்து போட வேண்டாம், மிச்சத்தப் போட்டாப் போதும்னு கிளினிக்ல சொன்னாவளாம். ஒனக்கும் பதினஞ்சு ஆகுததுக்கு முன்ன மொத ஊசியப் போட்டுட்டா ரெண்டே போதுமாம்."

எனக்குப் பதினைந்து ஆக நான்கு மாதம் இருக்கிறது.

மாமா, விடிந்ததும் இந்தத் தாளையும் கார்டையும் அத்தையின் கையில் கொடுக்கப்போகிறேன். குமார் கத்துவான். அம்மா அடித்தாலும் அடிப்பார். ஆனாலும் அவன் கிளினிக்குக்குப் போகும்போது நானும் அத்தையோடு போவேன். அம்மாவைச் சம்மதிக்க வைக்காமல் விடமாட்டேன். உங்களோடு போகும் பாக்கியம் அவனுக்குத்தான் கிடைத்தது. அந்தப் பொறாமை எனக்குத் தீராது. நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள். அவனுக்கு இனி ஒரு ஊசிதான். எனக்கு இரண்டு.