அப்கிரேடா, ஃபார்மட்டா

மண்ணூர்பேட்டையில் யாராவது இறந்துபோனால், பந்தலுக்குச் சொல்லிவிட்டு அடுத்ததாகச் சித்ரா வீட்டுக்குத்தான் ஆள் வரும். வாசலில் பலகை எதுவும் கிடையாது. கையில் ஒரு போட்டோவோடு கண் சிவந்த யாராவது கேட்டருகே நின்று "அக்கா" என்று கூப்பிட்டாலே அவளுக்குப் புரிந்துவிடும். உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பாள். இறந்தவர் பெயர், வயது, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒருவர் பெயரும் விட்டுப்போகாமல் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டி, கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அச்சகத்துக்கு அனுப்பிவிடுவாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாமும் செய்தாள்தான். ஆனால் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது சாவு போஸ்டர்.

காரணம், அவள் எடுத்துக்கொடுக்கும் முகம். அந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் பெரியவர்களுக்குத் தனியாக ஒரு போட்டோ இருப்பது அபூர்வம். யாரோ ஒருவர் கல்யாணத்தில் கூட்டத்தோடு நின்றது இருக்கும். இல்லாவிட்டால் அடையாள அட்டையில் பேயடித்த மாதிரி இருக்கும். சித்ரா அதிலிருந்து முகத்தை மட்டும் பிரித்தெடுப்பாள். தோளில் கிடக்கும் அடுத்தவர் கையை அழிப்பாள், மங்கிப்போன கண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் கொண்டுவருவாள். பொன்னம்மாளின் புருஷனுக்கு இருந்தது கம்பெனி பாஸ் ஒன்றுதான். கன்னத்தின் மேல் பாதி முத்திரை. சித்ரா அதை எடுத்துச் சரிசெய்து காட்டியபோது பொன்னம்மாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னா சித்ராம்மா, கூப்ட்டா திரும்பிப் பாப்பாரு போல கீதே" என்றாள். அதிலிருந்து வருஷாவருஷம் கார்த்திகையில் நினைவஞ்சலி போஸ்டருக்கு வந்துவிடுவாள். அப்படி எத்தனையோ முகங்கள், தெருவாரியாகப் பிரித்து, அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தன.

மகன் பிரசன்னா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அம்பத்தூரில் போய்க் கற்றுக்கொண்ட வேலை இது. மாமியார் முணுமுணுத்தபோது புருஷன் பச்சையப்பன்தான் அவளை சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் வேலை அவருக்கு. இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். கம்ப்யூட்டர் இருக்கும் முன்னறையிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டு டி.வி. பார்ப்பார். கம்ப்யூட்டர் பிரசன்னா வாங்கித் தந்தது. ஐ.டி. வேலையில் சேர்ந்ததும் அவன் முதலில் செய்த காரியம் அதுதான். வருகிற எல்லாரிடமும் "என் பையன் வாங்கிக் குட்த்தது" என்று ஒருமுறை சொல்லாமல் சித்ரா மவுஸைத் தொட மாட்டாள்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அந்த வருஷம் ஒரு அறிவிப்பு வர ஆரம்பித்தது. கம்ப்யூட்டரை ஓட்டும் ஓ.எஸ்ஸின் இந்தப் பதிப்புக்கு அக்டோபரோடு ஆதரவு முடிகிறது, அடுத்த பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று திரை முழுக்க நீலமாக வந்து நின்றது. முதலில் மூடிவிட்டு வேலையைப் பார்த்தாள். பிறகு பயம் வந்தது. மிஷினும் சோம்பிப் போயிருந்தது. ஒரு போட்டோவைத் திறக்கச் சொல்லிவிட்டு அடுப்பில் குழம்பைக் கிளறிவிட்டு வரலாம்.

அச்சகத்துக்காரர் கேட்டதுமே சொல்லிவிட்டார். "ஃபார்மட் அடிச்சிட்டு புதுசா ஓ.எஸ். போட்டுக்கோம்மா. சும்மா பறக்கும்."

பறக்கும்தான். ஆனால் அவளுடைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் பழைய காலத்தது. அதைத் தயாரித்தவர்கள் கடையை மூடிவிட்டுப் போய் எவ்வளவோ காலம் ஆகிறது. சிடி கீறல் விழுந்து கிடந்தது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும்போது அதுவும் போய்விடும். அது இல்லாமல் பழைய வேலைகளைத் திறந்தால் தமிழுக்குப் பதில் கோணல்மாணலாக ஏதோ தெரியும். அப்கிரேட் செய்தாலோ உள்ளே இருப்பதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஓ.எஸ். மட்டும் மேலே ஏறும். கொஞ்சம் மெதுவாகவே ஓடினாலும் ஓடட்டும். யூடியூபில் யார் யாரோ சொன்னதையெல்லாம் கேட்டாள். அரிசி களையும்போதும் துணி உலர்த்தும்போதும் அதே யோசனைதான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து பிரசன்னாவுக்கு போன் செய்தாள்.

"அப்கிரேட்தான்டா. ஃபார்மட் வாணாம். என் டைப்பிங்கு போனா நான் செத்தேன்."

"சரிம்மா, ஆயுத பூஜைக்கு வரேன்ல, பண்ணித் தரேன்."

"அதுக்கு மின்ன எல்லாத்தையும் காப்பி எட்த்துக்கணும்."

"ஹார்ட் டிஸ்க் எடுத்தாறேன்மா. நீ கவலைப்படாத."

அதே போனில் அவன் இன்னொன்றும் பேசினான். மாங்காட்டில் ஃப்ளாட் வாங்கிக் குடிபோயிருந்தார்கள். மருமகள் நிவேதிதாவுக்குப் பிரசவ விடுப்பு முடியப் போகிறது. அவள் அம்மா திருநெல்வேலியை விட்டு வர முடியாத நிலை. அப்பாவும் அம்மாவும் மாங்காட்டுக்கே வந்துவிட்டால் குழந்தைக்கும் நல்லது, லிஃப்ட் இருக்கிறது, தண்ணீர்க் கஷ்டம் இல்லை என்றான். இதை அவன் சொல்வது முதல் தடவை அல்ல.

"வாரத்துல ரெண்டு நாள் வந்து பாத்துக்கறேன்டா" என்றாள் சித்ரா. "அங்கேயே வந்துட்டா இங்க வர்றவங்க யார்கிட்ட போவாங்க? சாவு இன்னா சொல்லிகினா வருது?"

அவன் மேலே வற்புறுத்தவில்லை. பிள்ளை புரிந்துகொண்டான் என்று அவள் நினைத்தாள்.

ஆயுத பூஜையன்று மானிட்டருக்கும் சிபியூவுக்கும் சந்தனக் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தாள். மடியில் இருந்தபடியே பேரன் கையை அடித்துப் பொரியை இறைத்தான். விஜயதசமி காலையில் பிரசன்னா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பச்சையப்பன் வழக்கம்போல் கட்டிலில் இருந்தார். நிவேதிதாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சித்ரா பாடியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக் கொலுவுக்குப் போனாள். போகும்போது வாசற்படியில் நின்று மறுபடி கேட்டாள்.

"காப்பி எட்த்துட்டியா?"

"எடுத்துட்டேம்மா."

திரும்பி வந்தபோது திரை பளிச்சென்று இருந்தது. அவளுடைய பின்னணிப் படம் இல்லை. தெருப் பெயர்கள் இட்ட ஃபோல்டர் ஒன்றும் இல்லை. பிரசன்னா எழுந்து நின்றான்.

"அப்கிரேட் பாதியில நின்னுடுச்சும்மா. அதுவா எல்லாத்தையும் துடைச்சிடுச்சு. நான் எவ்வளவோ பார்த்தேன்."

"காப்பி?"

"அதுவும் சரியா ஏறலம்மா. இப்பதான் பார்த்தேன். சாரிம்மா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். வெளிறிக் கிடந்தது. அவன் அழுதுவிடுவான் போல் தோன்ற, தன் துக்கம் அவளுக்குப் பின்னால் போய்விட்டது. "வுட்றா. மிஷின் பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவே?" என்றாள். உள்ளே போய்ப் பாயசத்தைச் சூடாக்கி அவனுக்கு டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தாள், புருஷனுக்கும் ஒன்று. பச்சையப்பன் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த நாட்களில் சாவு வீட்டார் யாரும் வரவில்லை, அது ஒரு புண்ணியம். ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்கு வந்தவர்களை வேறு இடத்துக்கு அனுப்பினாள். போனது திரும்பக் கிடைக்குமா என்று ஒருதரம் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றவே, சிபியூவை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு அம்பத்தூர் ஓ.டி. பகுதியில் இருக்கும் கனிமொழியின் சர்வீஸ் கடைக்குப் போனாள். கனிமொழி அவளைவிட ரொம்பச் சின்னவள். பேச்சில் இழுவை கிடையாது. மிஷினைப் போட்டுப் பார்த்து, இரண்டொரு இடத்தைத் திறந்து மூடினாள்.

"அக்கா, இது அப்கிரேட் இல்லியே. ஃபார்மட் பண்ணிட்டுப் புதுசா போட்டது."

"அப்கிரேட்தாம்மா பண்ணான். நடுவுல நின்னு, தானா எல்லாத்தையும் அயிச்சிட்ச்சாம்."

"தானா அயிக்காதுக்கா. அப்கிரேட் நடுவுல நின்னா பழசுக்கே திரும்பிப் பூடும். முடிஞ்சாக்கூட பழசு ஒரு ஓரமா கொஞ்ச நாளைக்குக் கெடக்கும். இதுல அதுவும் இல்ல. பென் டிரைவ்லர்ந்து போட்டுகீறாங்கோ."

சித்ராவுக்கு இன்னும் பிடிபடவில்லை. "தவறிப்போய்க் கை பட்டிருக்குமோ?"

கனிமொழி திருப்புளியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு சி டிரைவு, டி டிரைவுன்னு ரெண்டு இருந்திச்சுல்ல? ஓ.எஸ். போட சி போதும். உங்க வேலையெல்லாம் டி-யில. அதைத் தொடவே வேண்டியதில்ல. தனியா அத காட்டி அயிச்சாதான் போவும். அயிக்கறதுக்கு மின்ன, உள்ள கீறதெல்லாம் பூடும், பரவால்லியான்னு கேட்கும்க்கா. ஆமான்னு சொன்னாதான் நடக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "யாருக்கா பண்ணது?" என்றாள்.

"கடையில குட்த்தேன்" என்று சித்ரா பொய் சொன்னாள்.

திரும்பக் கிடைக்குமா என்பதற்குக் கனிமொழி இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பச்சையப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார். சித்ரா சிபியூவைத் தரையில் இறக்கிவைத்தாள். டி.வி.யை அணைத்தாள். கனிமொழி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். மகன் இப்படிச் செய்வானா என்று புருஷனிடம் கேட்டு, அவர் "சீ, நம்ம புள்ளயா" என்று சொல்லிவிட்டால் நம்பிவிடலாம் என்றுதான் சொன்னாள். அவர் டம்ளரையே பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

அவர் டம்ளரைக் கையில் சுழற்றினார்.

"யோவ், உன்னத்தான் கேக்கறேன்."

"எல்லாத்தையும் அயிச்சிடட்டுமா நைனான்னு கேட்டான்" என்றார் பச்சையப்பன், மெதுவாக. "இது இருக்கறவரைக்கும் அம்மா வராதுன்னான். நான் சரின்னுட்டேன்."

சித்ரா தரையில் இருந்த சிபியூவைப் பார்த்தாள்.

"நான் இன்னா சித்ரா தப்பா நெனச்சேன்? வயசான காலத்துல குனிஞ்சு குனிஞ்சு செத்தவன் மூஞ்சியையே பாத்துகினு கீற. அங்க போனா கொயந்தையோட நிம்மதியா..."

"மிஷின் அவனக் கேட்டுகீது. அவன் உன்னக் கேட்டுகீறான்" என்றாள் சித்ரா. "என்ன ஒருத்தரும் கேக்கல."

அவளுக்கு அழுகை வரவில்லை. மகன் செய்தது கத்தி போல் இறங்கியது. ஆனாலும் அவனுக்காவது குழந்தை இருந்தது, விடுப்பு முடியும் தேதி இருந்தது, தவிப்பு இருந்தது. இவர் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர். ஒவ்வொரு முகம் முடிந்ததும் முதலில் கூப்பிட்டு, "பாரு, சரியா கீதா?" என்று காட்டியது இவரிடம்தான். "மூக்கு கொஞ்சம் பெருசும்மே, அவரு மூக்கு எனக்குத் தெரியாதா" என்று சொல்லித் திருத்தவைத்தவரும் இவர்தான். அந்த மனிதர் கட்டிலில் சாய்ந்தபடி சரி என்று தலையாட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு அவள் கொடுத்த பாயசத்தையும் குடித்திருக்கிறார்.

பிரசன்னாவுக்கு அவளே போன் செய்தாள். அவன் முதலில் இல்லை என்றான், பிறகு ஒப்புக்கொண்டான். காப்பியே எடுக்கவில்லை என்றான். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றான்.

"ரெண்டு நாள் வரேன்னு சொன்னேனா இல்லியா?"

"அது பத்தாதும்மா. எங்க நெலம உனக்குத் தெரியல."

"பத்தாதுன்னு சொல்லிருந்தா சண்ட போட்டிருப்பேன். சண்ட போட்டுட்டு யோசிச்சிருப்பேன். நீ பொய் சொன்னியேடா. நான் வேற உன்ன சமாதானம் பண்ணேன்."

அவன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் வைத்துவிட்டாள். மறுநாள் நிவேதிதா கூப்பிட்டு, "அத்தை, சத்தியமா எனக்கு இது தெரியாது" என்று அழுதாள். சித்ரா அவளை நம்பினாள். நம்பியதை நினைத்துச் சற்று நேரம் கழித்துப் பயமும் பட்டாள். யாரை நம்புவது என்பதே இப்போது யோசிக்கவேண்டிய விஷயமாகிவிட்டது.

கார்த்திகை பிறந்ததும் பொன்னம்மாள் வந்தாள். படம் இல்லை என்பதைச் சொல்ல சித்ராவுக்கு மனம் வரவில்லை. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று மட்டும் சொன்னாள். கம்பெனி பாஸ் எப்போதோ தொலைந்திருந்தது. போன வருஷத்து போஸ்டர் ஒன்று மடித்துவைத்தது இருக்கிறது என்று பொன்னம்மாள் கொண்டுவந்தாள். மடிப்பு சரியாக நெற்றியின் குறுக்கே ஓடியது. சித்ரா அதைப் போனில் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பல நாள் உட்கார்ந்தாள். புது டைப்பிங் முறை கைக்குப் பழகவில்லை. 'ழ' தேடுவதற்குள் பொறுமை போயிற்று. முகம் வந்தது, பழையபடி வரவில்லை. பொன்னம்மாள் பார்த்துவிட்டு, "பரவால்ல சித்ராம்மா" என்றாள். அந்தப் 'பரவால்ல' அவளைப் பல நாள் உறுத்தியது.

மாங்காட்டுக்கு அவள் குடிபோகவில்லை. ஒரு காலையில் இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுப் புருஷனிடம் சொன்னாள்: "கொயந்தையப் பாத்துக்க ஆளு வேணும். நெசந்தான். நீ சும்மாத்தான கீற? நீ போ."

"நானா? எனக்கு இன்னா தெரியும்?"

"எனக்கு மட்டும் கம்ப்யூட்டர் தெரிஞ்சா பொறந்தேன்? கத்துக்கோ."

நிவேதிதா வேலைக்குத் திரும்பியபின் பச்சையப்பன் காலையில் இரண்டு பஸ் மாறி மாங்காடு போகிறார், சாயங்காலம் திரும்புகிறார். பால் கலக்கவும் துணி மாற்றவும் பழகிவிட்டார். சொன்ன வாக்கு வாக்குதான் என்று வாரத்தில் இரண்டு நாள் அவளும் போகிறாள். பேரனைத் தூக்கிக் கொஞ்சுகிறாள். பிரசன்னா ஆபீஸிலிருந்து வரும் நேரத்துக்கு முன்னால் கிளம்பிவிடுகிறாள். அவன் அனுப்புகிற செய்திகளைப் படிக்கிறாள். சாப்பிட்டியா என்றால், சாப்பிட்டேன் என்று பதில் போடுகிறாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

சாயங்காலம் வந்ததும் பச்சையப்பன் கட்டிலில் உட்கார்ந்து, பேரன் என்ன செய்தான், எதைப் பிடித்து நின்றான் என்று சொல்வார். அவள் கேட்டுக்கொள்வாள். சில சமயம் சிரித்தும் விடுவாள். வேலை முடிந்த முகம் திரையில் இருக்கும். கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்து, "யாரு, சாவடித் தெரு ஆளா?" என்று அவர் கேட்பார்.

"ஆமா" என்பாள், அதோடு சரி. மூக்கு சரியாக இருக்கிறதா என்று அவரை அவள் கேட்பதில்லை.